அறுந்துபோகாத இணைப்பு

டிவியில் படம் பாதியில் நின்று சுற்ற ஆரம்பித்தால் எனக்கும் எரிச்சல்தான் வரும், சார். நானும் மனுஷன்தானே. ஆனால் அப்படி நிறுத்துவதே என் வேலை என்பதால் வெளியே காட்டிக்கொள்வதில்லை.

எங்களுடையது இணைய நிறுவனம். சொந்தமாக ஒரு டிவியும் நடத்துகிறோம், செல்போனிலும் பார்க்கலாம். வீட்டுக்கு மாதம் இவ்வளவு டேட்டா என்று ஓர் அளவு உண்டு. எங்கள் டிவியை நாள் முழுக்கப் பார்த்தாலும் அந்த அளவில் ஒரு துளி குறையாது. மற்றவர்களின் டிவியைப் பார்த்தால் மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். அதன் பிறகு எங்கள் டிவி மட்டும் ஜம்மென்று ஓடும், மற்றதெல்லாம் தவழும். யாருடைய டேட்டாவாக இருந்தாலும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று முன்பு ஒரு சட்டம் இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது நான் இல்லை.

எப்படித் தவழ வேண்டும் என்று முடிவு செய்வது மட்டும்தான் நான். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் அடியோடு நிறுத்திவிடுவார். ஜனங்கள் எங்களுக்கே போன் போட்டுக் கிழி கிழி என்று கிழிப்பார்கள். நான் வந்து மாற்றினேன். இணைப்பு அறுந்துபோகக் கூடாது, ஊசலாட வேண்டும். படம் வரும், நிற்கும், மறுபடி வரும். அப்போது பழி எங்கள் மேல் விழாது. "என்ன எழவு டிவி இது" என்று அந்த டிவிக்காரனைத் திட்டிவிட்டு எங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். மேலாளர் என்னை 'வைத்தியர்' என்றுதான் கூப்பிடுவார். நாடி நிற்காமலே ஆளைப் படுக்க வைத்துவிடுவேனாம்.

அண்ணன் பக்கவாதம் வந்து அவர் வீட்டு மாடி அறையில் கிடந்தார். பேச்சு போய்விட்டது. இடது கையை மட்டும் கொஞ்சம் தூக்குவார். தொண்டையில் குழாய் வைத்திருந்தார்கள், அதில் சளி அடைத்தால் உடனே எடுத்தாக வேண்டும். அண்ணிக்குக் கீழே தையல் கடை. அவர் மிஷினை விட்டு எழுந்தால் வீடு நடக்காது. அதனால் அண்ணன் அறையில் ஒரு கேமரா வைத்தோம். நானே ஆணி அடித்து மாட்டினேன். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணன் கையைத் தூக்கினால் அண்ணிக்கு போன் வரும், அண்ணி மாடிக்கு ஓடுவார். இணைப்பே அறுந்துபோனாலும் நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும். நல்ல ஏற்பாடு.

தைக்கும்போது அண்ணிக்கு டிவி ஓட வேண்டும். அதுவும் எங்கள் போட்டிக்காரன் டிவி. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "போங்க தம்பி, உங்க டிவியில ஒரு நல்ல படமாவது உண்டா? எல்லாம் அறுவை" என்று சிரிப்பார். மாதா மாதம் அளவு தீரும். மாதா மாதம் நான் ஆபீஸில் உட்கார்ந்தபடியே சத்தமில்லாமல் அவர்கள் வீட்டுத் தடையை எடுத்துவிடுவேன். எங்கள் ஆபீஸில் சொந்தக்காரர்களுக்கு எல்லோரும் செய்வதுதான்.

இந்த மாதம் மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஊரையே மாத்துறீங்க வைத்தியரே, சொந்த அண்ணி மட்டும் மசிய மாட்டேங்கறாங்களாமே?" அறையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அதனால் இந்த முறை தடையை எடுக்கவில்லை. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதுதானே நியாயம்.

மதியம் அண்ணி போன் செய்தார். "தம்பி, டிவி நின்னு நின்னு வருது. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

"அந்த டிவியே அப்படித்தான் அண்ணி. எங்களதப் போட்டுப் பாருங்க."

"இருக்கட்டும், கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும்."

வீட்டுக்குள் வரும் படமும் வீட்டிலிருந்து போகும் படமும் எங்கள் இயந்திரத்துக்கு ஒன்றுதான். கேமராவும் நின்றுவிட்டது. அறுந்துபோகவில்லை, என் கைவேலை அப்படி. அதனால் மணி அடிக்கவில்லை. கடைசியாகப் போய்ச் சேர்ந்த படத்தில் அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். "நிம்மதியாத் தூங்குறாருன்னுதான் நெனச்சேன்" என்று நர்ஸ் உங்களிடமும் சொல்லியிருப்பார். பாவம், அந்தப் பெண்ணை ஒன்றும் சொல்லாதீர்கள். அண்ணன் எத்தனை முறை கையைத் தூக்கினாரோ தெரியாது. அண்ணி மாடிக்குப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

எனக்குத் தெரியுமா என்பதுதானே உங்கள் கேள்வி. தெரியும். அண்ணி பேசிக்கொண்டிருக்கும்போதே என் திரையில் கீழே கடை டிவியும் மாடிக் கேமராவும் பக்கத்தில் பக்கத்தில் சிவப்பாக இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் கேமராவோடு சேர்ந்து அண்ணியின் டிவியும் ஓட ஆரம்பித்துவிடும், அப்புறம் அவர் எங்கே மாறப்போகிறார். தேநீர் எடுத்துவந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆறியே போய்விட்டது. ஒருவழியாக அந்த டிவி அணைந்தது, எங்களுடையது ஓட ஆரம்பித்தது. நேராக மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

திரும்பி வந்து முதல் வேலையாகத் தடையை எடுத்துவிட்டேன், சார். அண்ணன் என்றால் எனக்கு உயிர். வேறு வீடாக இருந்தால் மாதம் முடியும்வரை அப்படியே விட்டிருப்பேன்.