சரி சொல்ல ஓர் ஆள்

விடியற்காலை நான்கு மணி இருக்கும். லாயாங் லாயாங் ஊரைத் தாண்டி, செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குள் நுழையும் ஒற்றைச் சாலை. விளக்குக் கிடையாது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. உதிர்ந்து அழுகிய செம்பனைப் பழத்தின் புளித்த வாடை... அந்தச் சாலையின் கடைசியில் ஒரு செயற்கைக்கோள் நிலையம். நம் புஷ்பவள்ளியின் தங்கை மகள் லோஷினிக்கு அங்கேதான் இரவு வேலை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா.

பூமியைப் படமெடுக்கும் ஒரு செயற்கைக்கோளை அங்கிருந்து இயக்குகிறார்கள். அந்தக் கோள், நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். அவ்வப்போது எஞ்சினை மூட்டி மேலே ஏற்றிவிட வேண்டும். வழக்கமான வேலைதான். ஆனால் அன்று விடிவதற்குள் ஏற்றியாக வேண்டும். பழைய ராக்கெட் துண்டு ஒன்று அதே பாதையில் வந்துகொண்டிருந்தது. கோள் தலைக்கு மேலே இருப்பதோ பத்தே நிமிடம்; கட்டளை அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் தனியாகக் கட்டளை அனுப்பக்கூடாது. லோஷினி கட்டளையை வாய்விட்டுப் படிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் ரோலண்ட் என்ற மூத்தவர் ஹெட்செட்டில் கேட்டு, "சரி" என்பார். அப்புறம்தான் பொத்தான்.

அன்று தொட்டதெல்லாம் எரிச்சல். மேலிடம் திட்டத்தை இரண்டு முறை மாற்றியது. கம்ப்யூட்டர் நட்டநடுவில் உறைந்துபோனது. சாப்பாடு வாங்கப் போன ரோலண்டைக் காணோம். கோள் ஏறி வரும் நேரத்தில்தான் பக்கத்து அறைக் கதவு சாத்துகிற சத்தம்... நாற்காலி கிரீச்சிட்டது. அப்பாடா என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு படித்தாள்.

ஹெட்செட்டில் மெதுவாக ஒரு குரல்...

"திரும்பப் படி லா."

படித்தாள்.

"திரும்பப் படி."

"விளையாடாதீங்க அண்ணே. நேரம் போவுது."

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை படித்தபோதுதான் கண்ணில் பட்டது. உலகப் பொது நேரம் போட வேண்டிய இடத்தில் நம் மலேசிய நேரத்தைப் போட்டிருந்தாள். எட்டு மணி நேரம் பிந்தி எஞ்சின் மூண்டிருக்கும். அதற்குள் கோள் தூள்தூளாகியிருக்கும்.

திருத்திப் படித்தாள்.

"சரி. அனுப்பு."

அனுப்பினாள். மேசையில் பச்சை விளக்கு எரிந்தது. கோள் கட்டளையை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். பிறகு அது வானத்தின் ஓரத்தில் இறங்கி மறைந்தது.

வாசல் கதவு திறந்தது. ரோலண்ட். முழங்கால் வரை சேறு. சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது, காரை விட்டுவிட்டு ஓடிவருகிறேன், எல்லாம் போச்சே என்று தலையில் கைவைத்துப் புலம்பினார். லோஷினி பக்கத்து அறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்பீக்கர் கரகரத்தது. அதே குரல்.

"உனக்கு நான் சரி சொன்னேன்ல. இப்ப நான் படிக்கிறேன்."

'சரி' என்று வந்துவிடாதபடி லோஷினி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் நிதானமாக நேரத்தைப் படித்தது. பிறகு, "என்னை மேலே ஏத்து" என்றது.

ரோலண்டுக்குப் பல வருடப் பழக்கம். யாராவது படித்து முடித்தால் வாய் தானாகச் சொல்லிவிடும்.

"சரி," என்றார்.

வெளியே மோட்டார் முனகியது. ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அந்தப் பெரிய தட்டு ஆன்டெனா மெல்லத் திரும்பியது... வானத்தை நோக்கி அல்ல. செம்பனை மரங்களின் அடியிலுள்ள ஈர மண்ணைப் பார்த்துக் குனிந்து நின்றது.

பச்சை விளக்கு எரிந்தது.