ஆளுக்கொரு கரண்டி மாவு

விருத்தாசலம், காளவாய்த் தெரு, கதவு எண் 23-இல் குடியிருக்கும் தங்கதுரை என்பவரின் மனைவி அம்புஜவல்லி, வயது 43, இன்சூரன்ஸ் கம்பெனி கிளை மேலாளர் ஆனந்தராஜ் கொடுத்த புகார் மனு மீதான விசாரணையில் 12.01.2007 அன்று மாலை தலைமைக் காவலர் பூர்ணிமா முன்பாகக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் கணவருடன் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். வீடு என் பெயரில் உள்ளது. எட்டாவது வரை படித்திருக்கிறேன், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். என் கணவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பீங்கான் சூளையில் சரக்கு அடுக்கும் வேலை செய்கிறார். நான் அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் பீங்கான் பியூஸ் கேரியருக்குப் பிசிறு தட்டும் வேலை செய்கிறேன். இதற்கு முன் எந்த வழக்கிலும் சம்பந்தப்பட்டதில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குள் வந்தது இதுவே முதல் தடவை.

என்னிடம் கேட்கப்படுவது ஒரே கேள்வி. இன்று பகலில் மேற்படி ஆனந்தராஜின் மேசையில் இருந்த கம்ப்யூட்டர் மேல் இட்லி மாவு கை தவறி விழுந்ததா, நானே ஊற்றினேனா என்பது. கை தவறி விழுந்தது என்று சொன்னால் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றும், ஊற்றினேன் என்றால் வழக்காகும் என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. பதில் சொல்கிறேன், ஆனால் முதலிலிருந்துதான் சொல்வேன் என்றதற்குத் தலைமைக் காவலர் சம்மதித்து எழுதுகிறார்.

நாங்கள் வீடு கட்டக் கடன் வாங்கிய சமயத்தில், வீட்டுக்கும் உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் சேர்த்து ஒரு பாலிசி எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்காக மேற்படி ஆனந்தராஜ் எங்கள் வீட்டுக்கே வந்து, நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "டிவியில இருந்து கிரைண்டர் வரைக்கும் எல்லாத்துக்கும் இனிமே நாங்க பொறுப்பும்மா, நீங்க நிம்மதியாத் தூங்கலாம்" என்றார். அதற்கு முன்பும் நாங்கள் நிம்மதியாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தோம். இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு வருடா வருடம் தவறாமல் கட்டி வந்தோம்.

அவர் சொன்ன கிரைண்டர் மங்கலம்பேட்டையில் பரக்கத்துல்லா பாய் கடையில் வாங்கியது. பெரிய கல், கவிழ்த்து எடுப்பது. எங்கள் தெருவில் வேறு யாரிடமும் கிரைண்டர் இல்லாததால் அக்கம்பக்கத்துப் பெண்கள் அரிசியும் உளுந்தும் ஊற வைத்து எடுத்து வந்து எங்கள் வீட்டில் ஆட்டிக்கொண்டு போவார்கள். போகும்போது ஒரு கரண்டி மாவை எங்கள் வீட்டுத் தூக்கு வாளியில் விட்டுவிட்டுப் போவார்கள். நான் கேட்டதில்லை, அவர்களும் இது எதற்கு என்று சொன்னதில்லை. எல்லார் வீட்டு மாவும் ஒன்றாகக் கலந்து எங்களுக்கு இட்லியாகிவிடும். என் கணவர் ஒரு வாய் தின்றுவிட்டு, இன்றைக்கு எதிர்வீட்டுப் பெரியம்மாள் வீட்டு உளுந்து தூக்கல் என்று கேலி செய்வார். இதைத் தவிர அதில் வேறு விவகாரம் ஒன்றும் இல்லை.

சென்ற ஐப்பசியில் தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் வந்தது தெரிந்ததே. அதற்கு முந்தைய வாரம், பக்கத்து வீட்டு ஜெரினா நோன்பு திறக்க வடைக்கு உளுந்து கொண்டு வந்து போட்டு, கல் ஓடிக்கொண்டிருக்கும்போது தெருமுனை டிரான்ஸ்பார்மர் மேல் இடி விழுந்தது. கிரைண்டர் அடியிலிருந்து கரும்புகை வந்து கல் நின்றுவிட்டது. ஜெரினா வீட்டு டிவியும் அதே இடியில் போனது. அவர்களுக்கு இன்சூரன்ஸ் இல்லை, அதனால் அன்றைக்கே அழுது அன்றைக்கே மறந்துவிட்டார்கள். எங்களுக்கு இருந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்து, மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது, சாயங்காலத்துக்குள் கட்டித் தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். எங்கள் ஆள் வந்து பார்க்கும் வரை எதிலும் கை வைக்கக் கூடாது, எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று மேற்படி ஆனந்தராஜ் சொன்னார். அப்படியே வைத்தேன். ஜெரினாவின் உளுந்து பாதி அரைந்தபடி கல்லோடு காய்ந்து, புழு வைத்து, வீடு முழுக்க நாறியது. என் கணவர் வாசலில் படுத்தார். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் வடை இல்லை.

அதன் பிறகு இடி விழுந்ததற்கு மின்சார வாரியத்தில் கடிதம் கேட்டார்கள், போய் வாங்கி வந்தேன். அதன் பிறகு கிரைண்டர் வாங்கிய பில் கேட்டார்கள், மங்கலம்பேட்டைக்கு பஸ் ஏறிப் போய் பாயிடம் நகல் எழுதி வாங்கி வந்தேன். அதன் பிறகு வீட்டில் பியூஸ் போட்டிருந்தீர்களா என்று கேட்டார்கள். நான் பிசிறு தட்டின பியூஸ் கேரியர்தான் மாட்டியிருக்கிறது, இடிக்கு அதெல்லாம் தெரியவில்லை என்றேன். அதன் பிறகு ஒரு போன் நம்பரைக் கொடுத்து அதில் பேசச் சொன்னார்கள். பேசினால் இந்தியில் ஏதோ சொல்லி ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. ரம்ஜானுக்கு துபாயிலிருந்து வந்திருந்த ஜெரினாவின் வீட்டுக்காரர் எனக்காக அந்தப் போனில் நெடுநேரம் இந்தியில் பேசினார். கடைசியில் அந்தப் பக்கம் பேசிய பெண், "அண்ணே, எனக்கு ஊர் சங்கரன்கோவிலு, தமிழ்லயே சொல்லுங்க" என்றது. தமிழில் சொன்னோம். கிளை ஆபீசில் கேளுங்கள் என்று வைத்துவிட்டது. வேலைக்கு லீவு போட்டு நாயாக அலைந்தேன் என்பதற்கு எங்கள் கம்பெனி சூப்பர்வைசரைக் கேட்டால் சொல்வார்.

கார்த்திகை பிறந்த பின் ஒரு காலையில், இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பியதாகச் சொல்லி சுப்புராயன் என்ற சர்வேயர் கடலூரிலிருந்து வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு கிரைண்டரைப் பார்த்தார், போட்டோ எடுத்தார், இடியில்தான் எரிந்திருக்கிறது, சந்தேகமே இல்லை என்று அவரே சொன்னார். விடிகாலை பஸ்ஸில் வந்த மனிதர், வெறும் வயிறு என்று தெரிந்தது. உட்கார வைத்து இட்லியும் தக்காளிச் சட்னியும் வைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவர் தட்டை வழித்துவிட்டு இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டார். இட்லி பூவாக இருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

அப்போது அவர், "கிரைண்டர்தான் எரிஞ்சு கெடக்குதே, மாவு எங்கம்மா வாங்கறீங்க?" என்று கேட்டார்.

நான், "வாங்கறது எங்கங்க? கிரைண்டர் நல்லா இருந்தப்ப தெருவே இங்கதான் ஆட்டும், ஆளுக்கொரு கரண்டி மாவு வுட்டுட்டுப் போவாங்க. இப்ப அவங்க மிக்ஸியில கொஞ்சம் கொஞ்சமா அடிச்சு அவஸ்தப்படறாங்க. ஆனா அந்தக் கரண்டி மாவு மட்டும் நிக்கல சார். காலையில ஒவ்வொருத்தரா கொண்டாந்து தூக்குல ஊத்திட்டுத்தான் போறாங்க. நீங்க சாப்பிட்டது அதுதான்" என்றேன்.

இது அவர் என் வாயைப் பிடுங்கி வாங்கியதல்ல. என் தெருவைப் பற்றிப் பெருமையாக நானே சொன்னது. அவர் நல்ல ஜனங்கள் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு, பையிலிருந்து காகிதத்தை எடுத்து எழுதினார். போகும்போது "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு மார்கழியில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. நான் வேலை செய்யும் கம்பெனியின் கணக்கர் படித்துச் சொன்னார். கிரைண்டர் வீட்டு உபயோகத்துக்கு அல்லாமல் தொழிலுக்காகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது, அதற்குக் கூலி மாவாகப் பெறப்பட்டிருக்கிறது, இந்த விவரத்தைப் பாலிசி எடுத்தவர் மறைத்துவிட்டார், ஆகவே எதுவும் தர இயலாது என்று அதில் இருந்தது. மறைத்துவிட்டார் என்ற இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். இரண்டு தடவையும் அப்படித்தான் இருந்தது. அந்த ஆளுக்குச் சட்னி தொட்டுக்கொள்ள வைத்த கையை வெட்டிப் போடலாம் போல் இருந்தது. தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளிலிருந்து மாவு கொண்டு வரப் பயப்படுவார்கள்.

மேற்படி ஆனந்தராஜைப் பார்க்கப் பல தடவை போனேன். மீட்டிங் என்றார்கள், சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள், கடலூர் போயிருக்கிறார் என்றார்கள். அதன் பிறகு இன்று வேலைக்குப் போகாமல், காலையில் தெருக்காரர்கள் ஊற்றிய மாவோடு தூக்கை எடுத்துக்கொண்டு நேரே அந்த ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தேன். ஊற்றுவதற்காகக் கொண்டு போகவில்லை. இதுதான் நான் வாங்கிய கூலி, நீங்களே கண்ணால் பாருங்கள் என்று காட்டுவதற்காகக் கொண்டு போனேன். மதியம் வரை உள்ளே விடவில்லை. அதற்குள் மாவு புளித்துப் பொங்கி மூடியைத் தூக்கியது.

மதியத்துக்கு மேல் உள்ளே கூப்பிட்டார்கள். நான் தூக்கை அவர் மேசை மேல் வைத்துத் திறந்து காட்டி, எனக்குக் கிரைண்டர் பணம் வேண்டாம், மோட்டாரை நாங்களே கட்டிக்கொள்கிறோம், நான் மறைத்தேன் என்று எழுதியதை மட்டும் அடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். நான் மறைத்திருந்தால் அது உங்களுக்கு எப்படித் தெரியும், சொன்னதால்தானே தெரியும் என்றும் கேட்டேன். அதற்கு அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "ஒரு தெருவே சேந்துக்கிட்டு கம்பெனிய ஏமாத்தப் பாக்கறீங்க" என்றார். அதன் பிறகு ஸ்கேலை எடுத்து அதன் நுனியால் தூக்கைத் தள்ளி, "மொதல்ல இத எடும்மா, நாறுது" என்றார்.

என்னைப் பற்றி அவர் சொன்னதைக் கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்த மாவில் ஜெரினா வீட்டு மாவு இருந்தது. இடியில் டிவியைப் பறிகொடுத்துவிட்டு ஒரு பைசா யாரிடமும் கேட்காதவள் அவள். பெரியம்மாள் வீட்டு மாவும் இருந்தது, அவள் கைவலியோடு மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி ஓட்டி அடித்தது. அவர்கள் யாரை ஏமாற்றினார்கள்?

அதன் பிறகு கம்ப்யூட்டர் டப்பென்று சத்தம் போட்டு அணைந்தது. எங்கள் கிரைண்டரில் வந்த அதே வாசனை வந்தது. ஆபீஸ் ஆட்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்துப் போலீசுக்குச் சொன்னார்கள். நான் ஓடப் பார்க்கவில்லை. காவலர்கள் என்னையும் காலித் தூக்கையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்தார்கள்.

மேற்படி ஆனந்தராஜ் முதலில் வந்து, நான் வேண்டுமென்றே கம்ப்யூட்டரை நாசம் செய்ததாகப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, என்னை உள்ளே தள்ள வேண்டும் என்று சத்தம் போட்டார். அதன் பிறகு வெளியே போய் யாருடனோ செல்போனில் பேசினார். திரும்பி வரும்போது ஆளே மாறியிருந்தார். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "அம்மா, எங்க ஆபீஸ் சாமான் எல்லாத்துக்கும் எங்க கம்பெனிலயே இன்சூரன்ஸ் இருக்குது. கை தவறி விழுந்துச்சுன்னாதான் கம்ப்யூட்டருக்குப் பணம் வரும். வேணும்னே ஊத்தினதுன்னா வராது, என் சம்பளத்துலதான் புடிப்பாங்க. தவறி விழுந்துச்சுன்னு சொல்லிடுங்க. நான் புகார வாபஸ் வாங்கிக்கறேன். உங்க கிரைண்டரையும் மறுபடி ஒரு தடவ பாக்கச் சொல்றேன்" என்றார்.

வேலை முடிந்து சூளைத் தூசியோடு வந்து நின்ற என் கணவர், "ஒரு வார்த்ததானே, சொல்லிட்டு வா அம்புஜம், வூட்டுக்குப் போவலாம்" என்றார். அவரைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. தலைமைக் காவலர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, "அக்கா, யாருக்காகவும் சொல்லாதீங்க, யோசிச்சுச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுட்டா போட்டதுதான்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன். எரிந்த கிரைண்டரை வைத்துக்கொண்டு நான் உள்ளதைச் சொன்னேன், மறைத்தவள் என்று எழுதினார்கள். இப்போது எரிந்த கம்ப்யூட்டருக்காக என்னை மறைக்கச் சொல்கிறார்கள், மறைத்தால் நான் நல்லவளாம். மேற்படி மாவு கை தவறி விழவில்லை. என்னை யாரும் தள்ளவில்லை, எனக்கு மயக்கமும் இல்லை. தூக்கை இரண்டு கையாலும் தூக்கி, கம்ப்யூட்டர் தலையிலிருந்து அடி வரை நானேதான் ஊற்றினேன். தூக்கின் அடியில் ஒட்டியிருந்ததையும் கையை விட்டு வழித்து அதன் மேல் போட்டேன். ஒரு கரண்டி கூட மிச்சம் வைக்கவில்லை. மேற்படி ஆனந்தராஜ் கம்பெனியில் பணம் கேட்டு மனுப் போடும்போது இந்த வாக்குமூலத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கைப்பற்றிய தூக்கை இன்றைக்கே திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். என்னை இங்கே வைத்துக்கொண்டாலும் தூக்கை என் கணவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். காலையில் தெருக்காரர்கள் மாவு கொண்டு வருவார்கள், வீட்டில் தூக்கு இல்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நடந்தது நடந்தபடியே உள்ளது. இதில் நான் எதையும் மறைக்கவில்லை.

(ஒப்பம்) த. அம்புஜவல்லி

என் முன்பாக,
பூர்ணிமா, தலைமைக் காவலர்

குறிப்பு: தூக்கு ஒன்று, மூடியுடன், கழுவி, கணவர் தங்கதுரை வசம் ஒப்படைக்கப்பட்டது.