அய்யனாருக்கு விழுந்த திட்டு

அக்கா, அந்த மாலைகளைக் கொஞ்சம் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முகமே தெரியவில்லை...

ஆ, இப்போது தெரிகிறது. செண்பகவல்லி அக்கா. நம் பஞ்சாயத்தின் புதிய தலைவர். கைதட்டுங்கள்... போதும், போதும். சாமிக்கும் வீரனுக்கும் ராஜாவுக்கும் அந்தக் காலத்து ஜனங்கள் ஏன் உயிரையே கொடுத்தார்கள் என்று பேசிக்கொண்டிருந்தேன் அல்லவா? அதற்கு ஒரு குட்டிக் கதை வைத்திருக்கிறேன். அக்காவுக்காகத்தான். நீங்களும் கேட்கலாம்.

ஒரு பாளையம். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், என்னிடம் விலாசம் இல்லை. அதை ஆண்டவர் மல்லப்பத் துரை. அவர் பல்லக்கு வந்தால் தெருவே குனியும். தலைகளைப் பார்த்திருக்கிறார். முகங்களை... பார்த்ததில்லை.

ஒருநாள் கண்மாய்க் கரையில் பல்லக்கு போகிறது. ஒரு பெண்குரல். அடிவயிற்றிலிருந்து வருகிறது.

"கண்ணு எதுக்கு ஒனக்கு? உருட்டி உருட்டி முழிக்கிறதுக்கா? குதிரை வேற! அதுல ஏறி ஒருநாளாவது கடைமடைப் பக்கம் வந்திருப்பியா? கதிர் வர்ற நேரத்துல பயிரு கருகுது... இங்க மீசைய முறுக்கிக்கிட்டு உக்காந்திருக்க!"

பல்லக்கு நின்றது. துரைக்கும் பெரிய கண். துரைக்கும் குதிரை உண்டு. துரையின் கை அப்போது எங்கே இருந்தது தெரியுமா? மீசையில்!

"பிரதானி... யாரைத் திட்டுறா?"

கூட நடந்து வந்த பிரதானி, அதாவது மந்திரி, எட்டிப் பார்த்தார். பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "அய்யனாரை, துரை."

மரத்தடியில் மண்ணால் செய்த அய்யனார். எதிரே வாழவந்தாள் என்ற பெண். கண்மாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் ஒரு துண்டு வயல் வைத்திருப்பவள். திட்டி முடித்தாள். மூச்சு வாங்கினாள். முந்தானையால் அய்யனார் முகத்துத் தூசியைத் துடைத்தாள். தூக்குச் சட்டியிலிருந்து ஒரு உருண்டை கம்பஞ்சோறு எடுத்து முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு. சாப்பிட்டுட்டு யோசி."

போய்விட்டாள்.

துரைக்கு அன்று சோறு இறங்கவில்லை. பொறாமை! யார் மேல்? மண் பொம்மை மேல். "பிரதானி, என்னை ஏன்யா ஒருத்தரும் இப்படித் திட்டுறதில்லை?"

"உங்களைத்தான் எல்லாரும் கும்பிடுறாங்களே, துரை."

"கும்பிடுறாங்க... பயந்துக்கிட்டு."

மறுநாள் ஊரெங்கும் தமுக்கு. 'துரையைத் திட்ட விரும்புகிறவர்கள் அரண்மனைக்கு வரலாம். தண்டனை கிடையாது!' வந்தார்கள். எப்படித் திட்டினார்கள்? ஒருவர் சொன்னார், "துரை எங்க மேல அளவுக்கு மீறி அன்பு வைக்கிறீங்க. அது தப்பு!" இன்னொருவர், "ராப்பகலா எங்களுக்காக உழைச்சு உடம்பைக் கெடுத்துக்கிறீங்க. மன்னிக்கவே மாட்டேன்!" சிரிக்கிறீர்கள். இந்த மேடையில் சற்று முன்பு பேசியவர்களை நான் சொல்லவில்லை...

துரை வாழவந்தாளை அழைத்து வரச் சொன்னார்.

"என்னையும் திட்டு."

"நான் எதுக்குங்க உங்களைத் திட்டணும்?"

"அய்யனாரைத் திட்டினியே?"

"அவரு எங்க சாமி. உரிமை இருக்கு. நீங்க..." அவள் யோசித்தாள். "நீங்க துரை."

அவ்வளவுதான் சொன்னாள். அது அவருக்கு வலித்தது. ஏன் வலித்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்படி என்ன செஞ்சிட்டார் அவரு?"

"எங்கப்பன் செத்தன்னைக்கு அவரு காலடியிலதான் உக்காந்து அழுதேன். யாரு நீ, எந்திரின்னு கேக்கல. அவருக்குக் கதவு கிடையாது, காவக்காரன் கிடையாது. எங்களுக்கு அடிக்கிற வெயிலு அவருக்கும் அடிக்குது. எப்பப் போனாலும்... இருக்காரு."

எப்போது போனாலும் இருக்கிறார். கேட்டீர்களா?

துரை மெதுவாகக் கேட்டார். "உன் வயலுக்கு ஏன் தண்ணி வரல?"

"உங்க பூந்தோட்டம் குடிச்ச மிச்சம்தானே எங்களுக்கு? இந்த வருசம் மிச்சமில்ல."

"என்கிட்ட யாரும் சொல்லலையே!"

"பல்லக்குல போறவருகிட்ட எந்தப் பக்கமா வந்து சொல்றது?"

துரை எழுந்தார். "ஆள் அனுப்புறேன்" என்றார் பிரதானி. வேண்டாம். பல்லக்கு? வேண்டாம். நடந்தார். பூந்தோட்டத்துக்குப் பிரியும் வாய்க்காலை அடைக்க அவரே மண்வெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினார். பட்டு அங்கவஸ்திரம். புதுச் செருப்பு. அடியில் களிமண்...

தொப்!

துரை சேற்றில் உட்கார்ந்திருக்கிறார். கூடவே வந்த பல்லக்குத் தூக்கிகளும் மற்றவர்களும் கரையில் நிற்கிறார்கள். அப்போது வாழவந்தாளின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

"அட கூறுகெட்ட மனுசா! சேத்துல செருப்போடவா இறங்குவாக?"

பிரதானியின் கை வாளுக்குப் போனது. வாழவந்தாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலை போயிற்று என்றே நினைத்தாள். பயிர் பிழைக்கும், பார்க்க நாம் இருக்கமாட்டோம்...

சேற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"பிரதானி! திட்டிட்டா! என்னைத் திட்டிட்டாய்யா!"

துரை குழந்தை மாதிரி சேற்றைத் தட்டிச் சிரித்தார். பல்லக்குத் தூக்கிகள் சிரித்தார்கள். வாய்க்கால் அடைபட்டது. தண்ணீர் திரும்பியது, கடைமடை நோக்கி. வாழவந்தாள் கையை நீட்டித் துரையைக் கரையேற்றினாள். தூக்குச் சட்டியைத் திறந்து மோரை நீட்டினாள்.

"குடிங்க. குடிச்சிட்டு யோசிங்க."

சகோதரர்களே, தாய்மார்களே... மாலை நாற்காலிக்கு விழுகிறது. நாளைக்கு வேறொருவர் உட்கார்ந்தால் அவருக்கும் விழும். திட்டு அப்படியா? நம் ஆள் என்று நினைத்தால்தான் திட்டு வரும். கேட்பான் என்ற நம்பிக்கை இருந்தால்தான் வாய் திறக்கும். அந்தக் காலத்து ஜனங்கள் உயிரையே கொடுத்தார்களே, அந்தப் பக்தியை வாளால் வாங்க முடியாது. கதவைத் திறந்துவைத்து, வெயிலில் கூடவே இருந்து வாங்கவேண்டும்.

அக்கா, உங்களை ஊர் திட்டினால் சந்தோஷப்படுங்கள். திட்டு நின்றால்... அன்றைக்குப் பயப்படுங்கள். உங்களுக்குச் சொல்கிறேன், கடைசி வரிசையில் நிற்பவர்களே! குழாயில் தண்ணீர் வரவில்லையா? வீட்டுக்குள் முணுமுணுக்காதீர்கள். அக்கா வாசலுக்குப் போங்கள். வாய் நிறையத் திட்டுங்கள்.

போகும்போது கையில் ஒரு செம்பு மோர் கொண்டு போங்கள். குடித்துவிட்டு... அக்கா யோசிப்பார்.