எழுத்தாளர் வீட்டுப் பின்வாசல்

தாப்பாவிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் என் பின் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் இங்கிலாந்து போய்த் திரும்பியிருந்தார். எப்போதோ செத்துப்போன ஒரு நாவலாசிரியர் வாழ்ந்த கிராமங்களைச் சுற்றிக் காட்டும் டூராம். நான் வழியில் கம்பாரிலேயே இறங்கியிருக்க வேண்டும். இந்தப் பேச்சால் இறங்கவில்லை.

“அவரு வீட்டுக்குள்ள நான் குசினி வழியாத்தான்லா போனேன்.”

“சமையக்கட்டு வழியாவா? ஏன்க்கா, முன்வாசல் பூட்டியிருந்துச்சா?”

“பூட்டல்லாம் இல்ல. கைடு அங்கதான் நின்னு வெளக்கம் சொல்லிக்கிட்டிருந்தான். வீடு அப்படியே நம்ம எஸ்டேட் துரை பங்களா மாதிரி. எங்கம்மா அங்க வேல செஞ்சப்ப எங்கள முன்பக்கம் விடமாட்டாங்க. பாத்ததும் கால் தானா பின்பக்கம் போயிடுச்சு.”

“கூட வந்த வெள்ளக்காரங்க?”

“எனக்கு வழி தெரியும்னு நெனச்சிட்டாங்க போல. பதினெட்டுப் பேரும் பின்னாலயே வந்துட்டாங்க.”

“அய்யோ! ஒண்ணும் கேக்கலையா?”

“எங்க கேட்டாங்க? குசினி வாசல்ல நான் கால்ல கெடந்த சப்பாத்தக் கழட்டுனேன், அவங்களும் கழட்டி வரிசையா வச்சாங்க.”

“அப்ப கைடு?”

“முன்வாசல்ல தனியா பேசிக்கிட்டிருந்தான், பாவம். நான்தான் உள்ளேருந்து கதவத் தொறந்து, பின்பக்கமா சுத்தி வரச் சொன்னேன்.”