எது முதலில்

பச்சையில் எத்தனை பச்சை உண்டு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் உங்கள் அப்பாதான். பெயின்ட் கடை நடத்தியவர் இல்லையா. திரையில் நாங்கள் காட்டிய பச்சையைப் பார்த்து, "தம்பி, இது ஆஸ்பத்திரி பாத்ரூம் கலர்" என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

எங்கள் வேலைமுறைக்கு அஜைல் என்று பெயர். சுறுசுறுப்பு என்று பொருள். மென்பொருளை மொத்தமாகக் கொடுக்கமாட்டோம். இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு. அடுத்த துண்டு எது என்று சொல்ல வாடிக்கையாளர் எங்களோடு உட்கார வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் நாள் கேக்குக்கும் கடைசி நாள் சண்டைக்கும்தான் வருவார்கள். மறதி நோயாளிகளின் குடும்பங்கள் நடத்தும் சங்கம், நோயாளிகளுக்கான போன் செயலியை எங்களிடம் செய்யச் சொல்லி, தன் சார்பில் அனுப்பிய உங்கள் அப்பா மட்டும் தினமும் வந்தார். உங்கள் அம்மா மதியம் தூங்கும்போது, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவார்.

என் டிபன் டப்பாவை எட்டிப் பார்த்து, "இத நீ சாப்பிடுறியா, இது உன்னச் சாப்பிடுதா?" என்பார். கழுத்துப் பொத்தானைப் போடச் சொல்வார். இதையெல்லாம் சொல்ல என் வீட்டில் ஆள் இருந்ததில்லை. அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை, விவரம் முழுதாக இருக்கட்டுமே என்றுதான்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அவ வாசலத் தாண்டினா என் போன் அடிக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்."

நியாயமான கோரிக்கை. ஆனால் அது கையில் கிடைத்துவிட்டால் அவர் எதற்கு வரப்போகிறார்? அலாரம் சிக்கலான வேலை, முதலில் மாத்திரை நினைவூட்டலை வைப்போம் என்றேன். அடுத்து புகைப்பட ஆல்பம். அதற்கடுத்து எழுத்தின் அளவு. ஒவ்வொரு தடவையும் தலையைச் சொறிந்துவிட்டு, "தொழில் தெரிஞ்சவன் சொல்றே, சரி" என்று வேலைக்கு ஒன்றாக எழுதிச் சுவரில் வரிசைப்படுத்தியிருந்த அட்டைகளைத் தன் கையாலேயே மாற்றி ஒட்டினார். அலாரம் அட்டை கீழே இறங்கிக்கொண்டே போயிற்று.

அந்த மதியம் ஒரு பொத்தானுக்கு இளம்பச்சையா கிளிப்பச்சையா என்று பேசி வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டபோது உங்கள் அம்மா வெளியே போய் வெகுநேரமாகியிருந்தது. ஏரியில் தேடும்போது நானும் கூடவே நின்றேன். கரையில் கிடத்தியதும் உங்கள் அப்பா அம்மாவின் ஈர முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். பிறகு என் தோளில் சாய்ந்து, "நீ என்னப்பா பண்ணுவே. வரிசை போட்டது நான்தானே" என்றார்.

நான் மறுக்கவில்லை. எது முதலில் என்று முடிவு செய்வது வாடிக்கையாளரின் உரிமை. அதில் நான் கைவைத்ததே இல்லை.

அலாரம் எப்போது முடிந்தது என்றுதானே கேட்டீர்கள். அவர் வந்த முதல் மாதமே எழுதி முடித்துவிட்டேன். என் போனில் போட்டு, அலுவலக வாசலைத் தாண்டித் தாண்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. யாரிடமும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அப்பா தனியாக இருக்கிறாரே என்று நீங்கள் கலங்க வேண்டாம். தைரியமாக ஊருக்குக் கிளம்புங்கள். அலாரத்தை அவர் போனில் போட்டுவிட்டேன். அவர் வாசலைத் தாண்டினால் என் போன் அடிக்கும்.