பாஸ் ஆனதுதான் தப்பாம்

…பாஸ் ஆயிட்டாளாம்! அதனால ஒண்ணும் குடுக்க மாட்டாங்களாம்! நீங்களே சொல்லுங்க தங்கச்சி, இது எந்த ஊர் நியாயம்? கிளட்ச்… கிளட்ச்ச மெதுவா விடுங்க. வண்டி குதிக்குது பாருங்க. ம், இப்பப் போங்க. நான் டிரைவிங் மாஸ்டர். பாஸ் ஆகலன்னு அழுதவங்கள ஆயிரம் பேரப் பார்த்திருக்கேன். பாஸ் ஆயிட்டாளேன்னு ஒரு குடும்பமே உட்கார்ந்து அழுதது எங்க வீட்லதான்.

என் பொண்ணுதான். ஆறு வயசு. சுண்டுன்னு கூப்பிடுவோம். போன வருஷம் டாக்டர் சொல்லிட்டாரு, ஆட்டிசம்னு. அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிச் சாவியக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன் பாருங்க, எந்தப் பக்கம் திருப்பினா ஸ்டார்ட் ஆகும்னே மறந்து போச்சு. என் பொண்டாட்டிதான் தட்டி எழுப்பினா. "குழந்தை அதே குழந்தைதான், எழுந்திரிங்க"ன்னா… சரி, அத விடுங்க. இண்டிகேட்டர் போடுங்க. இண்டிகேட்டர்! இது வைப்பர். மழையா பெய்யுது?

எங்க விட்டேன்? ஆங், பள்ளிக்கூடம். வகுப்புல மணி அடிச்சா சுண்டு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு சுவரப் பார்த்து நின்னுக்குவா. அப்புறம் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா. "உன் பேரு என்ன"ன்னு கேட்டா, அவளும் "உன் பேரு என்ன"ம்பா. கேலி பண்றான்னு பசங்க சண்டைக்கு வருவாங்க. பாவம், அவளுக்குக் கேலின்னா என்னன்னே தெரியாது. அவ பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடுக்க ஒரு ஸ்பெஷல் டீச்சர் வேணும், கூடவே கொஞ்சம் பேச்சுப் பயிற்சி. அவ்வளவுதான் கேட்டோம். சொத்தையா எழுதிக் கேட்டோம்?

டாக்டர் ரிப்போர்ட்டக் கொண்டு போய் நீட்டினா, "டாக்டர் சொன்னா மட்டும் போதாது சார், பள்ளிக்கூடத்துலயும் ஒரு சோதனை வைப்போம்"னாங்க. சோதனை! அந்த வார்த்தைய என்கிட்டயா சொல்றது? பரீட்சைன்னு காதுல விழுந்தாலே எனக்குக் கை நமநமங்கும். என்கிட்டப் படிச்சவங்க யாரும் டெஸ்ட்டுக்கு ரெண்டாவது தடவ போனதில்ல, விசாரிச்சுப் பாருங்க. நீங்களும் போக மாட்டீங்க. முதல்ல அந்த நாய்க்கு வழி விடுங்க.

உங்ககிட்ட ஒரு ரகசியம் சொல்றேன், வெளிய விட்டுடாதீங்க. டெஸ்ட் அன்னிக்கு ரோட்டோரமா, விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்துல நான் நிப்பேன். சும்மா நிக்கிற மாதிரிதான் இருக்கும். காதத் தொட்டேன்னா, இண்டிகேட்டர மறந்துட்டீங்கன்னு அர்த்தம். மீசையத் தடவினா கியர் மாத்தணும். மூக்கச் சொறிஞ்சா பிரேக். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற அதிகாரி கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தாலும் ஒண்ணும் பிடிபடாது. இதுல என்ன தப்பு? பாதி பேரு பயத்துலதானே கோட்டை விடுறாங்க.

அந்த மாதிரிதான் இதுக்கும் ஏற்பாடு பண்ணினேன். என்கிட்டப் படிச்ச ஒரு அம்மாவோட பையனுக்கும் இதே சோதனை வச்சிருந்தாங்க. அவங்களப் பிடிச்சு, என்ன கேட்பாங்க, என்ன காட்டுவாங்கன்னு எல்லாத்தையும் கறந்துட்டேன். மரக்கட்டை அடுக்கச் சொல்வாங்க. படம் காட்டிக் கேள்வி கேட்பாங்க. பேரு கேட்பாங்க. முகத்தப் பார்த்துப் பதில் சொல்லுதான்னு பார்ப்பாங்க. அன்னிக்கே போய் மரக்கட்டை வாங்கிட்டேன்.

என் பொண்டாட்டி அப்பவே கேட்டா, "எதுக்குங்க இது? அவளுக்கு என்ன வராதுன்னு பார்க்கத்தானே கூப்பிடுறாங்க"ன்னு. நான் சொன்னேன், "நீ சும்மா இரு, பிள்ளைய ஒண்ணும் தெரியாதவன்னு யாராவது எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாது"ன்னு. ரவுண்டானா வருது, நிதானம்… யாரும் வரலன்னா போகலாம். வரலையே? போங்க. போங்கன்னா போகணும், யோசிக்கக் கூடாது!

சுண்டு இருக்காளே, ஒரு தடவ கேட்டா போதும், அப்படியே ஒப்பிச்சிடுவா. அந்த விஷயத்துல அவள மிஞ்ச ஆளே கிடையாது. பாப்பா அழற மாதிரி ஒரு படத்தக் காட்டி, "பாப்பா ஏன் அழுது?"ன்னு கேட்பேன். "பொம்மை உடைஞ்சு போச்சு, அதனால பாப்பா அழுது"ம்பா. கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிச் சொல்லி, எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சுட்டா. அப்புறம் நம்ம சைகை. காதத் தொட்டா எதிர்ல இருக்கிறவங்க முகத்தப் பார்க்கணும். மீசையத் தடவினா பேரச் சொல்லணும். மூக்கச் சொறிஞ்சா "நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க"ன்னு கேட்கணும். ஒவ்வொரு சைகையும் சரியா செஞ்சா ஒரு பிஸ்கட்டு குடுப்பேன். இதுக்கும் பாடத்துக்கும் சம்பந்தமில்ல, ரோட்டப் பாருங்க.

சோதனை நாளும் வந்தது. சோதிக்கிறவங்க ஒரு கண்ணாடியம்மா. மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு, ரொம்பத் தன்மையா பேசுறவங்க. "குழந்தை பயப்படும், அப்பா மூலையில உட்காரலாம்"னு அவங்க வாயாலயே சொன்னாங்க. நான் கேட்கவே இல்ல! போய் அவங்க முதுகுக்குப் பின்னால இருந்த நாற்காலியில உட்கார்ந்தேன்.

என்ன சொல்றது தங்கச்சி… பிச்சு உதறிட்டா! காதத் தொட்டேன், நிமிர்ந்து பார்த்தா. மீசையத் தடவினேன், பேரச் சொன்னா. மூக்கச் சொறிஞ்சேன், "நீங்க எப்படி இருக்கீங்க"ன்னா. அந்தம்மாவுக்கே மூஞ்சி மலர்ந்து போச்சு. எனக்கு அங்கேயே எழுந்து கை தட்டணும் போல இருந்தது. அடக்கிக்கிட்டேன்.

அப்புறம் வெளிய இருந்த என் பொண்டாட்டியையும் கூப்பிட்டு உட்கார வச்சுச் சொன்னாங்க. "உங்க பொண்ணு ரொம்ப நல்லா பண்ணினா. முகம் பார்க்கிறா, பதில் சொல்றா, விசாரிக்கிறா. இப்போதைக்குத் தனி உதவி தேவைப்படல." எனக்குத் தலைகால் புரியல. அவங்க ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு, பெரிய சாக்லேட் டப்பாவா வாங்கி, டிரைவிங் ஸ்கூல்ல இருந்தவங்களுக்கெல்லாம் குடுத்து, "என் பொண்ணு பாஸ்"னு தம்பட்டம் அடிச்சேன். நீங்க அப்பச் சேரல, சேர்ந்திருந்தா உங்களுக்கும் கிடைச்சிருக்கும்.

வீட்டுக்கு வந்தா, என் பொண்டாட்டி சமையல் மேடையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. சத்தமே இல்ல, கண்ணுல தண்ணி மட்டும் கொட்டுது. "நாளைக்கு மணி அடிக்கும்போது அவ பக்கத்துல யாருங்க நிப்பாங்க?"ன்னா. அப்பத்தான் எனக்கு உறைச்சது, நாங்க எதுக்காகப் போனோம்னு.  அந்த நேரம் பார்த்து சுண்டு வந்தா. அவ அம்மா முகத்த ஒரு தடவ பார்த்தா. பார்த்துட்டு, "பொம்மை உடைஞ்சு போச்சு, அதனால அம்மா அழுது"ன்னா.

வீட்ல எந்தப் பொம்மையும் உடையல தங்கச்சி.

…ஏன் வேகத்தக் குறைச்சிட்டீங்க? போங்க, போங்க. அவங்க மேலதான் தப்புன்னு நான் இன்னமும் சொல்வேன். இத்தன படிச்சவங்க, முதுகுக்குப் பின்னால ஒருத்தன் மீசையத் தடவிக்கிட்டே இருக்கானேன்னு ஒரு தடவ திரும்பிப் பார்த்திருக்க வேண்டாமா? எங்க டெஸ்ட் அதிகாரியாவது அப்பப்போ திரும்பிப் பார்ப்பாரு. இந்தம்மா என்னடான்னா பிள்ளையவே பார்த்துக்கிட்டிருக்காங்க!

அப்புறம் என் பொண்டாட்டி விடல. மறு சோதனை வேணும்னு எழுதிக் குடுத்து, நடையா நடந்து, அவங்கள ஒத்துக்க வச்சுட்டா. அதுவும் இன்னிக்குத்தான். இப்போ, இந்த நேரத்துல. ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க. எனக்கு மட்டும் உத்தரவு, "நீங்க அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது"ன்னு. நானும் சரின்னு சொல்லிட்டேன். சொன்ன சொல்லுன்னா சொல்லுதான் எனக்கு. இந்தத் தெருவுல திரும்புங்க.

ஆமா, பள்ளிக்கூடத் தெருதான். அதனால என்ன? நானா போறேன்? நீங்கதானே ஓட்டுறீங்க! உங்களுக்கு இன்னிக்கு ஓரமா நிறுத்துற பாடம். அதுக்கு இந்த இடத்த விட்டா வேற இடம் கிடையாது. அந்த மஞ்சச் சுவரு, மூணாவது ஜன்னல்… அதுக்கு நேரா. இன்னும் கொஞ்சம் முன்னாடி. போதும்! அடடா, என்ன அழகா நிறுத்திட்டீங்க. ஜன்னல் கம்பிக்கும் நமக்கும் ஒரு கையளவுதான் இருக்கும்.

அதோ. உள்ள தெரியுதா? நீலச் சட்டைதான் சுண்டு. எதிர்ல கண்ணாடியம்மா. ஓரத்துல என் வீட்டுக்காரி, ஜன்னலுக்கு முதுகக் காட்டி உட்கார்ந்திருக்கா. ரொம்ப நல்லதாப் போச்சு.

என்னமோ கேட்கிறாங்க… சுண்டு நிமிரல. கட்டைய வரிசையா அடுக்கிக்கிட்டே இருக்கா. திரும்பக் கேட்கிறாங்க. சொல்லும்மா, உனக்குத்தான் தெரியுமே… சே, நான் எதுக்கு வாய அசைக்கிறேன்? இன்னிக்குச் சொல்லக் கூடாது. சொல்லாம இருந்தாத்தான் நல்லது. மூளைக்குத் தெரியுது தங்கச்சி, வயித்துக்குத் தெரிய மாட்டேங்குது. என் பிள்ள முழிக்கிறத ஒருத்தங்க உட்கார்ந்து எழுதுறாங்க, அத நான் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கணும்… இத எங்க போய்ப் பழகறது?

ஐயோ. பார்த்துட்டா. சுண்டு என்னப் பார்த்துட்டா.

இல்ல… என் முகத்தப் பார்க்கல. கையப் பார்க்கிறா. எந்தக் கை எங்க போகுதுன்னு காத்துக்கிட்டிருக்கா.

இறங்காதீங்க, அசையாதீங்க. நானும் அசையல. கை ரெண்டையும் தொடைக்கு அடியில வச்சு உட்கார்ந்துட்டேன். பாருங்க, எப்படி இருக்கேன்னு. இந்த நேரம் பார்த்து மூக்கு அரிக்குது! சொறிஞ்சா "நீங்க எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டுத் தொலைப்பா. நீங்க கொஞ்சம் சொறிஞ்சு விடுறீங்களா… வேண்டாம், வேண்டாம், அத யாராவது பார்த்தா வேற கதையாயிடும். பின்னாடி எவனோ ஹாரன் அடிக்கிறான். அடிக்கட்டும்.

இன்னமும் கையத்தான் தேடுறா. இல்லம்மா. இன்னிக்கு அப்பாவுக்குக் கை இல்ல. நீ உன் இஷ்டப்படி இரு.

மணி! மணி அடிக்குது… காதப் பொத்திட்டா. எழுந்து… மேஜைக்கு அடியில போயிட்டா. அவ்வளவுதான், முழுசா உள்ள போயிட்டா. வீட்ல இப்படிப் போனா நான் காலப் பிடிச்சு வெளிய இழுத்துடுவேன், விருந்தாளி வந்திருக்காங்க, எழுந்து வணக்கம் சொல்லுன்னு. என் பொண்டாட்டி எழுந்திரிக்கப் பார்க்கிறா, அந்தம்மா வேண்டாங்கறாங்க. என்ன பண்றாங்க? கண்ணாடியக் கழட்டி மேஜை மேல வைக்கிறாங்க… பேனாவையும் வச்சுட்டாங்க…

தங்கச்சி! அவங்களும் அடியில போயிட்டாங்க! அவ்வளவு பெரிய அம்மா, மண்டி போட்டு, மேஜைக்கு அடியில! ஒண்ணும் கேட்கல. பேரு கேட்கல, படம் காட்டல. சும்மா பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. இத்தன நாளா எனக்கு இது தோணவே இல்லையே…

ஃபெயில்தான்! இன்னிக்குக் கண்டிப்பா ஃபெயில்! எல்லாம் நல்லபடியா ஃபெயில் ஆயிடும் போலிருக்கு!

இருங்க, இருங்க. சுண்டு ஒரு கைய காதுல இருந்து எடுத்துட்டா. மேஜை மேல கைய விட்டுத் துழாவுறா… ஒரு கட்டைய எடுத்துக்கிட்டா. அந்தம்மா கையப் பிடிச்சு, உள்ளங்கையில அத வைக்கிறா. அவங்க முகத்த வேற பார்க்கிறா.

தங்கச்சி, சத்தியமா இத நான் சொல்லிக் குடுக்கல.