வண்டி போச்சாடா சவுரி?

எனக்காக மைக்கைத் தாழ்த்தித் தந்த அவைத் தலைவர் அப்துல் ரசாக் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, தாம்பரம் ரயிலடியின் தாய்மாரே, தோழரே! தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் இந்த மழை மாலையில் உங்களை வணங்குகிறேன்.

"சத்தமா பேசு சார்!" என்கிறார் பின்வரிசைக்காரர். முயல்கிறேன், ஐயா. இருபது ஆண்டுகளாக ஜாஸ் இசையைப் பற்றி எழுதியவன் நான்; பேசிப் பழகியவன் அல்லன்.

ஜாஸ் எங்கே ஒலித்தது? கடல் கடந்த ஊரில் மட்டுமா? கப்பல் வந்த துறையில் மட்டுமா? இல்லை. இதே மன்றத்தில், இதே மேடையில், அறுபதுகளில் நம் ஞானையா கிளாரினெட்டில் வாசித்தார் என்று என் நூலில் எழுதினேன். அவர் மறைந்துவிட்டார். சான்றாக மிஞ்சியது ஒரே ஓர் ஒலிநாடா.

நகரத்து விமர்சகர் ஒருவர் அதைக் கேட்டார். "வெளிநாட்டு இசைத்தட்டுல இருந்து எடுத்தது சார். நம்மூர் வாசிப்பா இது?" என்றார். பதிப்பாளர் அச்சை நிறுத்தினார். நானும் என்னையே ஐயுற்றேன். நூல் போகட்டும், ஞானையாவின் மனைவி அருள்மேரி அம்மாவுக்கு என்ன சொல்வேன்? "அவரு வாசிச்சாருன்னு புக்குல வந்துடும் இல்ல சார்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாரே!

அந்த நாடாவில் எனக்கு விளங்காத இடம் ஒன்று உண்டு. பாட்டின் நடுவே கிளாரினெட் சட்டென்று நிற்கும். டிரம் மட்டும் முழங்கும். பிறகு விட்ட இடத்திலேயே கிளாரினெட் தொடரும். அரிய தாளப் புதுமை என்று அதைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்... சரி, சிரியுங்கள்.

அன்று டிரம் வாசித்த சவுரிமுத்து, நெடுநாள் வெளியூரில் இருந்துவிட்டு அண்மையில்தான் கீழ்க்கட்டளைக்குத் திரும்பினார். ஓடினேன், நாடாவைப் போட்டேன்.

"புதுமையா? இன்னா சார், பேஜார் பண்றியே! ரயிலு போவுது சார். அந்த இரைச்சல்ல கிளாரினெட் எவனுக்குக் கேக்கும்? வண்டி வந்தா அவன் நிறுத்திக்குவான், நான் அடிச்சிகினே இருப்பேன். வண்டி போச்சான்னு என்னைக் கேட்டுட்டுதான் மறுபடி வாயில வைப்பான்."

கேட்டுவிட்டா? அப்படியென்றால் அந்தக் கேள்வி எங்கே?

வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமர்ந்தேன். டிரம்முக்கு அடியில் ரயில். ரயிலுக்கு அடியில் ஒரு குரல்: "வண்டி போச்சாடா சவுரி?"

எந்த வெளிநாட்டு இசைத்தட்டில் ஐயா தாம்பரம் வண்டி ஓடும்? எந்த வெளிநாட்டுக் கலைஞர் நம் சவுரியை 'டா' போட்டு அழைப்பார்? விமர்சகர் அந்தக் குரலைக் கேட்டார், வாய்விட்டுச் சிரித்தார், பதிப்பாளரிடம் தாமே பேசினார். அவருக்கு என் நன்றி. அருள்மேரி அம்மா கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். பிறகு, "மூக்கால பேசுற மனுசன் சார். அவரேதான்" என்றார். அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இதோ நூல். இதோ அதில் ஞானையா.

அதோ, வண்டி வருகிறது! இனி என் குரல் உங்களை எட்டாது, நல்லவேளை. நன்றி, வணக்கம். சவுரிமுத்து ஐயா, டிரம் மேடையில்தான் இருக்கிறது. வண்டி போகும்வரை நீங்கள்தான்.